அன்றைக்கு அது எந்த நாடு?

போன வாரம் பழைய பாசத்தில் அலுவலகத்துக்கு வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். தாத்தாவின் பிறந்த ஊரை வைத்து விசா கேட்டு வந்த ஒருவரை, உங்களில் ஒருவர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது ஆகாதுங்க” என்று சொல்லி அனுப்பிவைத்தார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். நான் குறுக்கே பேசவில்லை. ஓய்வுபெற்றவள் வாயை மூடிக்கொண்டு காபி குடிப்பதுதான் மரியாதை. ஆனால் வீட்டுக்குப் போன பிறகு லூர்து மேரியின் முகம் மனதை விட்டுப் போகவே இல்லை. அவளைப் பற்றி உங்களுக்குச் சொல்லாமல் இருந்தால் தூக்கம் வராது போலிருந்தது.

எழுபதுகளின் பிற்பகுதி அது. அப்போது நம் அலுவலகம் இப்படி இல்லை. கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு அறைகள், இரண்டு டைப்ரைட்டர்கள், மழை வந்தால் நடுவில் வைக்க ஒரு பித்தளை அண்டா. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் நம் பாண்டிச்சேரியில் பிறப்பும் கல்யாணமும் சாவும் மேரி என்கிற நகராட்சி அலுவலகத்தில் பிரெஞ்சில் பதிவானவை. அதை ஆங்கிலத்திலும் தமிழிலும் பெயர்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. நீதிமன்றத்தில் சத்தியம் செய்துகொடுத்த மொழிபெயர்ப்பாளர் எங்கள் முதலாளி. ஐயா என்பதற்குப் பதிலாக, பிரெஞ்சு வழக்கப்படி நாங்கள் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் கீழே நான். எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

லூர்து மேரி ஒரு நர்ஸ். ரெட்டியார்பாளையத்தில் வாடகை வீடு. அப்பா மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து நெஞ்சு கெட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டவர். அம்மா பிலோமின், அதே மில்லில் நூல் சுற்றும் வேலை செய்து, பிறகு ஒரு கான்வென்ட் சமையல்கட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை லூர்துவை வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் அங்கே வேலை செய்ய அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில் கூட வேலை பார்த்த ஒருத்தி ஒரு விஷயம் சொல்லியிருக்கிறாள். தாத்தாவோ பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருந்தால், பேரப்பிள்ளை அங்கே போய் வேலை செய்யலாம் என்று சட்டம் இருக்கிறது.

லூர்துவின் தாத்தா வெள்ளைக்காரர். அம்மாவைப் பெற்ற அப்பா. பெயர் தானியேல். மில்லில் இயந்திரங்களைப் பொருத்த வந்த ஃபிட்டர். நம் ஊர்ப் பெண்ணை முறையாகக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே இருந்து இங்கேயே இறந்தவர். பிலோமினுக்கு அப்போது ஆறு வயது. சில வருடங்களில் அம்மாவும் போய்விட, சித்தி வீட்டில் வளர்ந்திருக்கிறார். அப்பாவின் போட்டோகூட ஒன்று இல்லை. பிலோமின் நல்ல கறுப்பு. “வெள்ளைக்காரன் பொண்ணாம், நெறத்தப் பாரு” என்று குழாயடியில் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது.

அம்மாவும் பெண்ணும் மேரியில் எடுத்த தானியேலின் திருமணப் பதிவோடு என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் பிரெஞ்சு தெரியாது.

“இங்கிலாந்துல எந்த ஊர்னு போட்டிருக்குதுக்கா?” என்று லூர்து கேட்டாள்.

நான் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

“கார்க், அயர்லாந்துன்னு போட்டிருக்குது. ஆனா அது இங்கிலாந்து இல்ல லூர்து. அயர்லாந்து.”

“ரெண்டும் ஒண்ணுதானக்கா?”

“இல்ல. அது தனி நாடு.”

அவள் முகம் எப்படி விழுந்தது என்று சொல்லத் தெரியவில்லை.  பிறகு குரலைத் தாழ்த்தி, “அக்கா, இது பிரெஞ்சுலதான இருக்குது. நீங்க இங்கிலீஷ்ல டைப் பண்றப்ப அயர்லாந்துன்றத மட்டும் இங்கிலாந்துன்னு போட்டா யாருக்கு தெரியப் போவுது?” என்றாள்.

கெட்ட பெண் இல்லை அவள். அப்பாவின் இருமலை ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிற பெண். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பிலோமின் பேசினார்.

“இன்னா பேர் சொன்ன கண்ணு? திரும்பச் சொல்லு.”

“கார்க்.”

“கார்க்கு” என்று அவர் சொல்லிப் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார். “எங்கப்பா எந்த ஊர்லருந்து வந்தார்னு இத்தினி வருசமா எனக்கு தெரியாதுடி. கேட்டவங்களுக்கு சொல்ல ஒரு பேரு இல்லாம கெடந்தேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்ச அன்னிக்கே அத அழிக்கச் சொல்றியே?”

லூர்து அழுதுவிட்டாள். நான் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். எதற்காக இரண்டு நாள் என்று எனக்கே தெரியாது. அந்த நேரத்தில் “முடியாது” என்று சொல்ல நாக்கு எழவில்லை, அவ்வளவுதான்.

அதைச் சொல்ல முசியேவுக்கு நாக்கு எழுந்தது. “திருப்பிக் கொடுத்துடும்மா. அயர்லாந்துக்காரன் பேத்திக்கு இங்கிலாந்துக்காரன் எதுக்கு கதவத் தெறப்பான்?” என்றார். அவர் சொன்னதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

மறுநாள் காலை ஒரு சொல்தா வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரில் இருப்பவர்களை நாம் அப்படித்தானே சொல்கிறோம். சலவை மடிப்பு கலையாத பேன்ட், கையில் தடி, வாயில் பாதி பிரெஞ்சு பாதி தமிழ். ஏதோ ஒரு விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டியிருந்தது. பிறந்த நாடு என்ற இடத்தில் நான் இந்தியா என்று டைப் அடித்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார்.

“இன்னாம்மா இது?”

“பாண்டிச்சேரி, இந்தியா. சரியாத்தான இருக்குதுங்க?”

“நான் பொறந்தப்ப இங்க ஏதும்மா இந்தியா? நான் பொறந்தது பிரான்ஸ் மண்ணுல. இப்ப இது இந்தியா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா என்னை எங்கம்மா இப்பவா பெத்தா? அன்னிக்கு இது எந்த நாடோ, அதப் போடு.”

நான் தாளை உருவி வேறு தாள் மாட்டினேன். அவர் சொன்னபடி அடிக்க ஆரம்பித்தேன். பாதியில் என் விரல்கள் நின்றுவிட்டன.

தானியேல் கார்க்கில் பிறந்த அன்றைக்கு அது எந்த நாடு?

திருமணப் பதிவில் அவர் வயது இருந்தது. கணக்குப் போட்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பிறந்துவிட்டவர். அயர்லாந்து எப்போது பிரிந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சாயங்காலம் நூலகத்துக்கு ஓடினேன். ஒரு பழைய கலைக்களஞ்சியத்தில் இருந்தது. தானியேல் பிறந்தபோது அயர்லாந்து முழுவதும் பிரிட்டனோடு ஒரே அரசாக இருந்திருக்கிறது. அவர் வளர்ந்து ஆளான பிறகுதான் கார்க் இருந்த பகுதி தனி நாடாகியிருக்கிறது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. நாடு மாறிவிட்டது. இது நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமா? என் அப்பா பிரெஞ்சுக் குடிமகனாகப் பிறந்து, வீட்டை விட்டு ஓர் அடி நகராமல் இந்தியக் குடிமகன் ஆனவர்.

முசியேவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் படித்துக்கொண்டிருந்த காகிதத்தை மடித்து வைத்தார்.

“நீ சொல்றது நியாயமாத்தான் இருக்குது. ஆனா அவங்க சட்டம் உன் நியாயத்தக் கேட்டு எழுதினதா இருக்காது. அந்தப் பொண்ணு ஒரு தடவ அழுதுட்டுப் போயிடுச்சி. இப்ப நீ ஆசையக் காட்டி, அங்க போயி இல்லன்னு ஆனா, ரெண்டாவது தடவ அழ வைக்கிறது நீயா இருப்ப. அத யோசிச்சியா?”

யோசித்தேன். அன்று முழுக்க அதைத்தான் யோசித்தேன். நம் தொழிலில் கடினமான இடம் இதுதான். வருகிறவர்கள் நம் முகத்தைப் பார்த்தே பாதி நம்பிக்கை வைத்துவிடுவார்கள். நாம் லேசாகத் தலையாட்டினால் அவர்கள் பெட்டி கட்டிவிடுவார்கள். அதற்குப் பயந்து எல்லோரையும் “ஆகாது” என்று அனுப்புவது நமக்குப் பாதுகாப்பு. ஆனால் அது யோக்கியமா? “முடியாது” என்பது வேறு. “எனக்குத் தெரியாது” என்பது வேறு. இரண்டாவதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு முதலாவதைச் சொல்லிவிடுகிறோம்.

லூர்து வந்தபோது அதைத்தான் சொன்னேன். “நடக்குமான்னு எனக்குத் தெரியாது. நடக்கலாம். கேக்க வேண்டிய இடத்துல கேட்டா தெரிஞ்சிடும். இல்லன்னு சொன்னாங்கன்னா திரும்பி வந்துடணும். தயாரா இருக்கியா?”

“நீங்களும் வரீங்களாக்கா?” என்றாள்.

முசியே ஒருநாள் விடுப்புக் கொடுத்தார். “போயிட்டு வா” என்று மட்டும் சொன்னார்.

சென்னையில் விசா கொடுக்கும் பிரிட்டிஷ் அலுவலகத்தின் வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. பஸ்ஸில் வரும்போது ஆங்கிலத்தில் பெரிய பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தேன். சட்டம், சரித்திரம், பாண்டிச்சேரி எல்லாம் அதில் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தமிழர்தான். காகிதத்தைப் பார்த்தார், விரலால் ஒரு வரியைத் தொட்டார், திருப்பித் தள்ளினார்.

“அயர்லாந்துன்னா நாங்க பாக்கறதில்லம்மா. அது வேற நாடு. அடுத்தவங்க வாங்க.”

லூர்து காகிதங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். பின்னால் நின்றவர் என் தோளை இடித்துக்கொண்டு முன்னே வந்தார். என் பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.  வாதாடினால் அவர் கோபப்படுவார், அவர் கோபப்பட்டால் கதவு அதோடு மூடிவிடும் என்பது மட்டும் புரிந்தது. நான் கண்ணாடியை விட்டு நகரவில்லை. மெதுவாகக் கேட்டேன்.

“சார், ஒரே ஒரு கேள்வி. இவங்க தாத்தா பொறந்த அன்னிக்கு அது எந்த நாடு? உங்களுக்குத் தெரியலன்னா, தெரிஞ்சவங்கள ஒரு வார்த்த கேட்டுச் சொல்றீங்களா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எரிந்து விழுவார் என்று நினைத்தேன். திருமணப் பதிவை மறுபடி கையில் வாங்கினார். வயதைப் பார்த்தார். “இருங்க” என்று எழுந்து உள்ளே போனார். பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வந்தபோது அவரோடு ஓர் ஆங்கிலேய அதிகாரியும் வந்தார். இளவயதுக்காரர். கையில் தடித்த புத்தகம், நடுவில் விரலை அடையாளமாக வைத்திருந்தார். எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அயர்லாந்து பிரிந்துபோவதற்கு முன்னால் அங்கே பிறந்தவர்களுக்கும் இந்த விதி பொருந்தும் என்று, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நிதானமாகச் சொன்னார். கார்க்கிலிருந்து பிறப்புச் சான்று வர வேண்டும். பேத்தி வரைக்கும் ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்று வேண்டும். பேத்தியின் தாயாரும் நேரில் வர வேண்டும்.

எழுந்தபோது அவர் என்னிடம், “இதை உங்களுக்கு யார் சொன்னார்கள்?” என்று கேட்டார்.

“யாரும் சொல்லவில்லை. நான் பாண்டிச்சேரிக்காரி. எங்கள் ஊரில் இது எல்லோர் வீட்டிலும் நடந்தது” என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

வெளியே வந்ததும் லூர்து நடுத்தெருவில் என்னைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு காத்திருப்பு. கார்க்குக்கு எழுதினோம். தானியேலின் பெற்றோர் பெயர் திருமணப் பதிவிலேயே இருந்ததால் தேடுவதற்குப் பிடி கிடைத்தது. கான்வென்டில் வேலை முடிந்து போகும் வழியில் பிலோமின் அடிக்கடி எட்டிப் பார்ப்பார். வந்துவிட்டதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கார்க்கில் கடல் இருக்கிறதா, அங்கே என்ன சாப்பாடு சாப்பிடுவார்கள், மழை பெய்யுமா, இதுதான் கேட்பார். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை முசியே சொல்வார். சந்தேகப்பட்ட மனிதர் அவர். ஆனால் சான்று வந்த அன்று உறையை அவர்தான் பிரித்தார். தனக்கே பரிவட்டம் கட்டியதுபோல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சத்தமாகப் படித்தார்.

இரண்டாவது முறை மூன்று பேரும் போனோம். அதே அதிகாரி. பிலோமினுக்கு ஆங்கிலம் தெரியாததால் என்னையே மொழிபெயர்க்க அனுமதித்தார். சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்பாவைப் பற்றி என்ன நினைவு இருக்கிறது என்று கேட்டார்.

“மில்லு கேட்டாண்ட சித்தி கூட்டிட்டுப் போவாங்க. சங்கு ஊதுறப்ப நான் பயந்துடுவேன். அவரு ஓடியாந்து ரெண்டு கையாலயும் என் காதப் பொத்துவாரு. கையெல்லாம் எண்ண வாசன. அதான் ஞாபகம் இருக்குது” என்றார் பிலோமின். சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

பிலோமின் சொன்னார்: “ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க சார். அவரு எங்கப்பாவே இல்ல, எங்கம்மா பொய் சொல்லிட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க. சின்ன வயசுலருந்து அதக் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சி.”

லூர்து அம்மாவின் தொடையைக் கிள்ளியதை நான் பார்த்தேன். அதிகாரி பேனாவோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அப்பா என்மேல் உயிராக இருந்தார் என்று இரண்டு வார்த்தையில் முடித்திருக்கலாம். அந்த அறையில் யாரும் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். லூர்துவின் கண்கள் என்னைக் கெஞ்சின. 

ஆனால் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அதைவிட முக்கியமாக, அந்த அம்மா தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஓர் அதிகாரிக்கு முன்னால் அதைச் சொல்லியிருக்கிறார். அதை விழுங்க எனக்கு என்ன உரிமை? ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். முன்னால் இருந்த காகிதங்களில் பிலோமினின் பிறப்புப் பதிவை எடுத்தார். பக்கத்தில் என் மொழிபெயர்ப்பு. அதில் ஒரு வரியில் விரலை வைத்து, இதை அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள் என்றார்.

பிரெஞ்சுப் பிறப்புப் பதிவுகளில் எப்போதும் வருகிற வாசகம்தான் அது. நான் எத்தனையோ முறை கண்ணை மூடிக்கொண்டு டைப் அடித்தது. அன்றைக்கு அதைத் தமிழில் படிக்கும்போது என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்டது.

“உங்கப்பா மேரி ஆபீசுக்கு நேர்ல வந்திருக்காரும்மா. உங்களத் தூக்கிட்டு வந்து அதிகாரிகிட்ட காட்டியிருக்காரு. இது எனக்கும் என் மனைவிக்கும் பொறந்த பொண்ணு, பேரு பிலோமின்னு சொல்லி, ரெண்டு சாட்சிங்களுக்கு முன்னால கையெழுத்துப் போட்டிருக்காரு.”

“அவரே தூக்கிட்டு வந்தாரா?”

“அவரேதான்.”

ஊர் சொல்வதைத் தான் கேட்கப்போவதில்லை, தானியேல் சொன்னதே தனக்குப் போதும் என்றார் அதிகாரி. நான் அதையும் சொன்னேன். பிலோமின் அழவில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அதுவரை அவர் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் லூர்துவின் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது.

அவள் அந்தக் குளிர்காலத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தாள். அப்பாவுக்கு நல்ல வைத்தியம் பார்க்க முடிந்தது, இன்னும் சில வருடம் நிம்மதியாக மூச்சு விட்டார். எண்பதுகளில் லூர்து அம்மாவையும் ஒருமுறை வரவழைத்து, கார்க்குக்கே கூட்டிக்கொண்டு போனாள். முசியே அதற்குப் பிறகு எந்தக் கோப்பு வந்தாலும், “அன்னிக்கு அது எந்த நாடுன்னு பாத்தியா?” என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். என்னைக் கிண்டல் செய்கிறாரா பெருமைப்படுகிறாரா என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

ஆகாத விண்ணப்பங்கள் நிறைய உண்டு. ஆகாது என்று சொல்லுங்கள், அதுவும் உதவிதான். ஆனால் நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்லுங்கள். காகிதத்தில் இருப்பதை மாற்றாதீர்கள், பேசுகிறவர்கள் சொன்னதைக் குறைக்காதீர்கள். பயந்துகொண்டே செய்தாலும் பரவாயில்லை. நான் அப்படித்தான் செய்தேன்.

முத்திரை விழுந்த அன்று சாயங்காலம் பாரிமுனையில் பாண்டிச்சேரி பஸ் ஏறினோம். பிலோமினுக்கு ஜன்னல் ஓர இடம். தாம்பரம் தாண்டியும் வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தார். நடத்துநர் எங்கள் வரிசைக்கு வந்து, “எந்த ஊரும்மா?” என்றார்.

பிலோமின் திரும்பினார். “கார்க்கு.”

“எது?”

“கார்க்கு. எங்கப்பா பொறந்த ஊரு.”

“இந்த பஸ்ஸு அங்கல்லாம் நிக்காதும்மா” என்றார் நடத்துநர். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். லூர்து சிரிப்பை அடக்க முடியாமல், “மூணு பாண்டி குடுங்கண்ணா” என்றாள்.

முன்சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் திரும்பி, “அது எங்க இருக்குதுக்கா, கேள்விப்பட்டதே இல்லியே?” என்று கேட்டாள்.

“கடலுக்கு அந்தாண்ட” என்று பிலோமின் ஆரம்பித்தார். “எங்கப்பா அங்கருந்துதான் வந்தாரு. தானியேல்னு பேரு. கேளு, சொல்றேன்.”

திண்டிவனம் வரும்வரை அந்தப் பெண் முன்பக்கம் திரும்பவே இல்லை.